விஎம்-களுக்கு ரேம்: அளவை நிலையாக வைப்பதா, பலூனிடம் விடுவதா?

வீட்டில் 32 ஜிபி ரேம் உள்ள ஒரு டெஸ்க்டாப்பில் புராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு ஐந்து விஎம்-கள், அதாவது மெய்நிகர் கணினிகள், ஓட்டுகிறேன். ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஜிபி என்று அறுதியாக ஒதுக்கலாம். இல்லையென்றால் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் சொல்லிவிட்டு, இடையில் உள்ளதை பலூனிங் (தேவைக்கேற்ப விஎம்-மின் ரேமைக் கூட்டிக் குறைக்கும் வசதி) பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாம். இரண்டு வழியிலும் ஓட்டிப் பார்த்தேன். இப்போது ஐந்துமே நிலையான அளவுதான்.

பலூனின் வசதி தெரிந்ததே: இருக்கும் ரேமில் கூடுதல் விஎம்-களை அடக்கலாம். இன்று உருவாக்கி நாளை அழிக்கும் சோதனை விஎம்-களுக்கு அது நல்ல வழி.

ஆனால் தட்டுப்பாடு எங்கே வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. விஎம்-முக்குள் ரேம் தீர்ந்தால் முதலில் ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) நிரம்பும். அதற்கும் மேலே போனால் உள்ளே ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) சாகும். விஎம்-களைத் தாங்கும் கணினியான ஹோஸ்டில் தீர்ந்தால் கதையே வேறு. ஹோஸ்டுக்கு ஒரு முழு விஎம்-மே ஒரு புராசஸ்தான். ரேம் தீர்ந்தால் ஹோஸ்டின் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பெரும்பாலும் அதிக ரேம் பிடித்திருப்பதைத்தான் கொல்லும். நான் கொடுத்திருந்த அதிகபட்சங்களைக் கூட்டினால் 40 ஜிபி. ஹோஸ்டின் பயன்பாடு 80 சதவீதத்தை நெருங்கும்போதுதான் பலூன் ரேமைத் திரும்பக் கேட்கத் தொடங்கும், விஎம் அதை விடுவித்துத் தரவும் நேரமாகும். ஒருநாள் இரவு பேக்கப் ஓடும்போது மூன்று விஎம்-கள் ஒரே நேரத்தில் ரேம் கேட்டன. காலையில் பார்த்தால் போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) ஓடும் விஎம் அணைந்து கிடந்தது. ஓடும் கணினியின் பிளக்கைப் பிடுங்கியது போலத்தான். நல்லவேளை, டேட்டா தப்பியது.

சரி, இப்போதைய கணக்கு: போஸ்ட்கிரெஸுக்கு 8, இரண்டு வெப் விஎம்-களுக்கும் தலா 3, விண்டோஸ் 11-க்கு 8, சோதனைக்கு 4. மொத்தம் 26. மீதி 6 ஜிபியை ஹோஸ்டுக்கே விட்டுவிட்டேன். இசட்எஃப்எஸ் (ஒரு ஃபைல் சிஸ்டம்) வைத்திருப்பவர்கள் அதன் கேஷுக்கும் உச்சவரம்பு வைத்து, அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபரை (டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) மொத்த ரேமில் கால் பங்கு வைப்பது வழக்கம். மொத்தமே ஏறி இறங்கினால் எதில் கால் பங்கு?

அளவு எடுக்கும்போது லினக்ஸில் 'ஃப்ரீ' என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் கேஷாக நிரப்பிக்கொள்ளும் என்பதால் அது எப்போதும் குறைவாகவே தெரியும். 'அவைலபிள்' எண்ணை வேலை அதிகமுள்ள நேரத்தில் ஒரு வாரமாவது கவனியுங்கள்.

மைக்ரோசாஃப்டின் இதே வகை மென்பொருளான ஹைப்பர்-வியின் டைனமிக் மெமரியை (பலூன் போலவே ரேமை ஏற்றி இறக்கும் வசதி) ஒரு சில வாரங்கள்தான் பயன்படுத்தினேன், தொல்லை தரவில்லை. அங்கே விண்டோஸ் விஎம்-கள் மட்டுமே ஓடின, சுமையும் குறைவு. அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

வெப் விஎம்-களில் ஒன்று இன்னும் அவ்வப்போது ஸ்வாப்பைத் தொடுகிறது. சோதனை விஎம்-மிலிருந்து 1 ஜிபியை எடுத்து அதற்குக் கொடுக்கப் போகிறேன். ஹோஸ்டின் 6-இல் கைவைக்க மாட்டேன்.