பழைய வட ஆற்காட்டு வரைபடத்துக்கு எஸ்விஜியா, கேன்வாஸா?

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்ததையும், அதில் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட பகுதி 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானதையும் பள்ளி மாணவர்கள் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் இணைய வரைபடம் செய்துதர ஒப்புக்கொண்டேன். உலாவியில் படம் வரைய உள்ள வழிகளில் எது இதற்கு ஏற்றது என்று காட்பாடியில் என் மேசைக் கணினியிலும், விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் சோதித்துப் பார்த்தேன்.

எஸ்விஜி (SVG) என்பது கோடுகளையும் உருவங்களையும் அளவுகளாக விவரித்து உலாவியை வரையச் சொல்லும் முறை; 2001 முதல் அங்கீகரிக்கப்பட்ட தரமாக இருந்துவருகிறது. இதில் ஒவ்வொரு வட்டமும் (தாலுகாவும்) தனி உருவமாகவே உலாவியின் நினைவில் நிற்பதால், ஆம்பூரைத் தொட்டால் அது மட்டும் நிறம் மாறுவதற்கு இரண்டு வரி போதும்; வகுப்பறைச் சுவருக்காகப் பெரிய தாளில் அச்சிட்டபோதும் எல்லைக் கோடு பிசிறவில்லை. ஒரு குறை உண்டு. வரைபட மென்பொருளிலிருந்து வந்த எல்லைக் கோடுகளில் புள்ளிகள் அளவுக்கு மீறி நெருங்கிக் கிடந்ததால் கைப்பேசி திணறியது. புள்ளிகளைக் குறைத்த பிறகே சரியானது.

ஆப்பிள் நிறுவனம் 2004இல் கொண்டுவந்த கேன்வாஸ், நிரல் கொண்டு படம் தீட்டும் ஒரு பரப்பு; அது வேறு குணம் கொண்டது. வரைந்து முடித்தவுடன் அது வெறும் பிக்சல்களாகிவிடுகிறது; எது ஆம்பூர், எது வாணியம்பாடி என்பது உலாவிக்குத் தெரியாது. விரல் பட்ட இடம் எந்த எல்லைக்குள் விழுகிறது என்பதை நம் நிரல்தான் கணக்கிட வேண்டும். கைப்பேசித் திரையின் பிக்சல் விகிதத்துக்கு ஏற்பக் கேன்வாஸின் அளவைப் பெருக்காவிட்டால் எழுத்துகள் மங்கலாகவும் தெரியும்.

தமிழில் வேலை செய்பவர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது ஆற்றின் பெயரை வளைவில் எழுதும் இடம். எஸ்விஜியில் பாதையைக் காட்டி அதன்மேல் எழுதச் சொன்னால் ‘பொன்னையாறு’ வளைவோடு ஒழுங்காக வளைந்து செல்கிறது. அது எழுத்தாகவே இருப்பதால் பக்கத்தில் தேடினாலும் கிடைக்கிறது, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானும் படிக்கிறது. கேன்வாஸில் சொல்லை முழுதாக நேர்கோட்டில் எழுதினால் சிக்கல் இல்லை. ஆனால் வளைவில் எழுத அதில் வசதி இல்லாததால், எல்லோரும் சொல்லை எழுத்து எழுத்தாக உடைத்துத் திருப்பித் திருப்பி ஒட்டுகிறார்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ‘பொ’ என்பது ‘ப’ தனியாகவும், கொம்பும் காலும் புள்ளி வட்டத்தைச் சுமந்தபடி தனியாகவும் சிதறுகிறது. ‘று’விலும் உகரக் குறி பிரிந்து நிற்கிறது. நம் ஊர் ஆற்றின் பெயர் அப்படிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும் கருவி இன்றைய உலாவிகளில் இருக்கிறது. அதைக்கொண்டு சரிசெய்யலாம், ஆனால் எஸ்விஜியில் தானாக அமைவதற்கு இங்கே கூடுதல் உழைப்பு வேண்டும்.

வரைபடத்தின் மேல் மழை பெய்வதையும் அசைவோடு காட்ட விரும்பினேன்; அந்த இடத்தில் நிலைமை தலைகீழானது. ஐயாயிரம் துளிகளை எஸ்விஜியில் தனித்தனி உருவங்களாக இறக்கியபோது கைப்பேசி ஏறக்குறைய உறைந்துவிட்டது. அதே துளிகளைக் கேன்வாஸ் ஒவ்வொரு முறையும் அழித்து வரைந்தும் தடங்கலின்றி ஓடியது. கணினியின் வரைகலைச் சிப்பைக் கொண்டு வரையும், 2011இல் வெளிவந்த வெப்ஜிஎல் இதைவிடப் பன்மடங்கு துளிகளைத் தாங்கும்; ஆனால் அதில் எழுத்து வரையும் வசதியே கிடையாது, ஒரு சிறு முக்கோணத்துக்கும் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. மலைகளை முப்பரிமாணத்தில் காட்ட நினைப்பவர்களுக்கு அது பொருந்தும், தட்டையான மாவட்ட வரைபடத்துக்குத் தேவையில்லை.

ஆகவே எல்லைகளும் பெயர்களும் எஸ்விஜியில், மழை மட்டும் அதன்மேல் விரித்த கேன்வாஸில் என்று வைத்துக்கொண்டேன். இப்படிச் செய்பவர்கள் மேலிருக்கும் கேன்வாஸ் தொடுதலை ஏற்காதபடி, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்-இல் முதலிலேயே நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் மாணவர் எந்த வட்டத்தைத் தொட்டாலும் கீழே இருக்கும் வரைபடத்துக்கு அது போய்ச் சேராது.