ஜோசினி நீரில் ஒரு பைக் மீன் தூண்டில் தொகுப்பு

டர்பனில் உள்ள ஒரு தூண்டில் கடையில், ஐரோப்பாவிலிருந்து வந்த, பைக் மீன் பிடிப்பதற்கான தூண்டில் தொகுப்பு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். பைக் நம் தென்னாப்பிரிக்க ஆறுகளுக்கு உரிய மீன் அன்று; வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்ந்த நன்னீரில் வாழும் வேட்டை மீன். ஆயினும் கடைக்காரர், "பல்லுள்ள மீனுக்குச் செய்தது, டைகர் மீனுக்கும் இதுவே போதும் ஐயா" என்று உறுதியாகச் சொன்னார். அதை நம்பி, மாமாவின் படகில் மூன்று முறை ஜோசினி அணைக்குக் கொண்டு சென்றேன். அவர் சொன்னதில் ஏறக்குறைய பாதி சரியாக இருந்தது. எந்தப் பாதி என்பதை, இதே பணத்தைச் செலவிட எண்ணியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

லெபோம்போ மலையடியில் பொங்கோலா ஆற்றைத் தேக்கி நிற்பது ஜோசினி. டைகர் மீனின் இயற்கையான வாழிடத்தின் தென்னெல்லை அந்த ஆறுதான். முதலையும் நீர்யானையும் உள்ள நீர் என்பதால் கரையில் நின்று வீசுவதை விட்டுவிட்டுப் படகிலிருந்தே மீன் பிடிக்கிறோம். தொகுப்பின் முதற்குறை இங்கேயே தெரிந்துவிட்டது. 2.7 மீட்டர் நீளமுள்ள அந்தக் கோல், ஏரிக்கரையில் நாணலுக்கு மேலாக இரையைத் தொலைவில் எறிவதற்கு ஏற்றது. மூன்று பேர் அமர்ந்த சிறு படகிலோ அதன் நுனி ஒவ்வொரு வீச்சிலும் யாருடைய தொப்பியையாவது தேடிச் செல்கிறது. படகுக்கு 2 மீட்டர் அளவுள்ள, நடுப்பகுதி விறைப்பான கோல்தான் பொருத்தம்.

தொகுப்பில் மிகச் சிறந்தது கம்பித் தலைப்பு, அதாவது நரம்பின் முனைக்கும் இரைக்கும் நடுவே மீன் கடித்து அறுக்காதபடி கட்டும், நாம் ட்ரேஸ் என்று சொல்லும் உலோகக் கம்பி. பைக்கின் அண்ணத்தில் உள்நோக்கிச் சாய்ந்த நூற்றுக்கணக்கான சிறு பற்களும், கீழ்த்தாடையில் பெரிய கூரிய பற்களும் உள்ளன. அது இரையை ஆழமாக விழுங்கும் பழக்கமுடையதாதலால், பைக் பிடிப்பவர்கள் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளக் கம்பி வைப்பார்கள். டைகர் மீனின் பற்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் நீண்டு, வாய் மூடியிருக்கும்போதும் வெளியே தெரிந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொள்பவை. வெறும் தங்கூசி நரம்பு அவற்றிடையே அகப்பட்டால் ஒரு கணமும் தாங்காது. பல நுண்ணிழைகளை முறுக்கிச் செய்த இந்தத் தொகுப்பின் கம்பி மென்மையாக வளைந்து, ஸ்பூன் எனப்படும் கரண்டி வடிவ உலோகப் போலி இரையின் அசைவைக் கெடுக்காமல் இருந்தது. போலி இரை வீசுவதற்கு அத்தனை நீளம் வேண்டாம் என்பதால் நான் 25 சென்டிமீட்டராக வெட்டி, புதிய உலோகக் குழலிட்டு நசுக்கிக்கொண்டேன். குழலின் துளை கம்பியின் பருமனுக்குச் சரியாக இல்லாவிட்டால் இழுக்கும்போது வழுக்கிவிடும். எனவே கட்டியவுடன் கம்பத்தில் மாட்டி முழு வலுவோடு இழுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கம்பியை விரலால் தடவி, மடிப்போ அறுந்த இழையோ தட்டுப்பட்டால் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். தடித்த ஃபுளோரோகார்பன் நரம்பையும் தொகுப்பில் வைத்திருந்தார்கள்; பைக்குக்குச் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், ஜோசினியில் அதை நான் நம்பமாட்டேன்.

ஸ்பூன்களைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதலாம். ஜெர்மனியின் எஃப்ஜெட் ஸ்பூன் பைக்குக்காகப் பெயர்பெற்றது; நம் பக்கத்து டைகர் மீன் பெட்டிகளிலும் அது நெடுங்காலமாக இடம்பிடித்திருக்கிறது. தொகுப்பில் இருந்த 22 கிராம், 30 கிராம் ஸ்பூன்கள் அதே வடிவில் அமைந்து, காற்றிலும் நன்றாகப் பறந்தன. செம்பு நிறத்தைவிட வெள்ளி நிறத்துக்கே மீனின் அடிகள் அதிகம் விழுந்தன.

அந்த அடிகளில் பெரும்பாலானவற்றை நான் இழந்தேன் என்பதுதான் என் வருத்தம். காரணம் தூண்டில் முள். பைக்கின் வாயில் முள் இறங்கச் சதைப்பற்றான இடங்கள் உண்டு. டைகர் மீனின் வாயோ ஏறக்குறைய முழுவதும் எலும்பு. அது திறந்த நீரில் துரத்தி வந்து அடித்து, உடனே மேலே பாய்ந்து தலையை உலுக்கும்; கனமான ஸ்பூன் அந்த உலுக்கலில் ஊசலாடி முள்ளை நெம்பி எறிந்துவிடும். தொகுப்பின் மும்முனை முட்கள் மெல்லிய கம்பியால் ஆனவை. முதற்பயணத்தில் இரண்டு நிமிர்ந்தே போயின. ஒன்றில் முள்ளை ஸ்பூனோடு இணைக்கும் வளையம் விரிந்து, மீன் முள்ளோடு போய்விட்டது. அது என்னை உண்மையாகவே வேதனைப்படுத்தியது. அடுத்த பயணத்துக்கு முன் வளையங்களையெல்லாம் தடித்தவையாக மாற்றி, மும்முனைக்குப் பதில் நன்கு தீட்டிய ஒற்றை முள் பூட்டினேன். மீன் தங்கியது, பிடித்ததை விடுவிப்பதும் எளிதாயிற்று.

ரீல் குறை சொல்ல முடியாதது. மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விடும் அதன் டிராக் சீராக விட்டுக்கொடுக்கிறது. அதில் சுற்றியிருந்த நைலான் நரம்பு மிகவும் நீள்வதால், தொலைவில் அடிக்கும் மீனின் எலும்பு வாயில் முள்ளைப் பதிக்க முடியவில்லை. 9 கிலோ தாங்கும் பின்னல் நரம்புக்கு மாற்றியபின் கை அசைவு அப்படியே முள்ளுக்குப் போய்ச் சேர்ந்தது.

செத்த மீனை இரையாக இட்டு மிதக்கவிடும் தக்கையும் ஈயக்குண்டும் பெட்டியில் இருந்தன. அவற்றை நான் தொடவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் நம் கரையோரம் மத்தி கூட்டமாக வரும்போது வாங்கி உறையவைத்ததைத் துண்டாக்கி, ஒற்றை முள்ளில் கோத்துப் படகை மிதக்கவிடுவதே மாமாவின் முறை. அவர் என்னைவிட அதிகம் பிடிக்கிறார்.

இன்னொன்று: பைக்கைச் செவுள் மூடிக்குள் விரல் நுழைத்துத் தூக்கலாம் என்று தொகுப்பின் கையேட்டில் படம் போட்டிருக்கிறார்கள். டைகர் மீனிடம் அதைச் செய்யக்கூடாது. நீள்மூக்குக் குறடும், முடிச்சில்லாத ரப்பர் கைவலையும் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். மீனை நீரின் மேலேயே வைத்து, வயிற்றைத் தாங்கிப் பிடித்து முள்ளைக் கழற்றுங்கள்.

முள், வளையம், நரம்பு ஆகியவற்றை மாற்றிய செலவையும், புதிய கோலின் விலையையும் கூட்டிப் பார்த்தால், ஸ்பூன்களையும் கம்பியையும் ரீலையும் தனித்தனியே வாங்குவதே சிக்கனம். தொகுப்பாக மறுபடியும் வாங்கமாட்டேன். அந்த நீண்ட கோல் வீணாகவில்லை. கடற்பாலத்தில் நின்று ஷாட் மீனுக்கு வீச அது மிகவும் பொருத்தமாக இருப்பதாகத் தம்பி மகன் சொல்கிறான். ஷாட் பிடிக்க அக்டோபர், நவம்பரில் உள்ள தடைக்காலம் முடிந்து டிசம்பர் பிறந்ததும் கோல் அவனிடம் போய்விடும்.