தோள் திரும்பத் திரும்ப நழுவினால்: பயிற்சியா, பாங்கார்ட்டா, லட்டார்ஜேயா?

இருபது வயதில் விளையாடும்போது தோள் நழுவியவருக்கு மூன்று விதமான ஆலோசனை கிடைக்கும். பயிற்சி செய்தால் போதும் என்பார் ஒருவர். கிழிந்ததைத் தைத்துவிடலாம் என்பார் இன்னொருவர்; அதுதான் பாங்கார்ட். எலும்பை வைத்து அடைத்துவிட்டால் அப்புறம் கவலையே இல்லை என்பார் மூன்றாமவர்; அது லட்டார்ஜே. மூன்றிலும் உண்மை இருக்கிறது, மூன்றுக்கும் ஆய்வுகளின் துணையும் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகள் ஒரே மாதிரியான தோளைப் பற்றிப் பேசவில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தச் சிகிச்சை சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்க வேண்டும். அதை அளக்காமல் எடுக்கும் முடிவு அரைகுறை முடிவு.

தோள்மூட்டின் அமைப்பைப் பார்த்தாலே காரணம் புரியும். மேற்கை எலும்பின் தலை பெரிய உருண்டை. அது உட்காரும் கிண்ணக்குழியோ சிறியது, ஆழமும் குறைவு. எந்த நேரத்திலும் உருண்டையின் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார்க்குருத்து வளையம் இருக்கிறது. மொத்த ஆழத்தில் ஏறக்குறைய பாதி அதனால் கிடைப்பது. கையை உயர்த்திப் பந்தெறிவது போல வெளிப்பக்கம் திருப்பும்போது, உருண்டை முன்பக்கம் சறுக்காமல் தடுப்பது முன்–கீழ்ப் பக்கத்துத் தசைநார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு தசைகள் உருண்டையைக் குழிக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. தோள் நழுவும் சம்பவங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முன்பக்கமாகத்தான் நடக்கின்றன. அப்போது பெரும்பாலும் லேப்ரம் விளிம்பிலிருந்து பிய்ந்துகொள்கிறது.

முழங்கை இதற்கு நேர் எதிர். அங்கே எலும்பும் எலும்பும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்கின்றன. எலும்பு முறியாமல் முழங்கை மட்டும் விலகியவர்களை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஃபங்க்சி என்ற ஆய்வு 2017இல் வெளிவந்தது. மூன்று வாரம் மாவுக்கட்டு போட்டவர்களைவிட, சீக்கிரமே கையை அசைக்கத் தொடங்கியவர்கள் முன்னதாக வேலைக்குத் திரும்பினார்கள். அதற்காக மூட்டு மறுபடி விலகவும் இல்லை. முழங்கையில் பயப்பட வேண்டியது விறைப்புக்கு. இளைஞர்களின் தோளில் பயப்பட வேண்டியது மறுபடி நழுவுவதற்கு. ஒரு மூட்டுக்குச் சொன்ன அறிவுரையை இன்னொன்றுக்கு எடுத்துப் போட முடியாது.

சரி, மூன்று வழிகளுக்கு வருவோம்.

பயிற்சி மட்டும்

பயிற்சியை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே ஆய்வைக் காட்டி வாதாடலாம். பர்க்ஹெட், ராக்வுட் இருவரும் 1992இல் வெளியிட்டது அது. குறிப்பிட்ட தசைப் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்தவர்களில், அடிபடாமலே தோள் தளர்ந்திருந்தவர்களுக்கு 80 சதவீதம் நல்ல பலன். அடிபட்டுத் தோள் நழுவியவர்களுக்கோ 16 சதவீதம்தான். அதே பயிற்சிதான், தோள்தான் வேறு. உடம்பு முழுக்க மூட்டுகள் தளர்வாக இருந்து, பெரிய அடி எதுவும் படாமல் தோள் பல திசையிலும் நழுவுகிறது என்றால் பயிற்சிதான் முதல் சிகிச்சை. அங்கே கத்தியை எடுக்க அவசரமே இல்லை. அடிபட்டு விளிம்பு கிழிந்த தோளில் தசையை எவ்வளவு வலுப்படுத்தினாலும் கிழிந்தது தானாகப் பழைய இடத்தில் ஒட்டிக்கொள்வதில்லை.

அடுத்தது வயது. எடின்பரோவில் ராபின்சன் குழு 15 முதல் 35 வயது வரையிலானவர்களை முதல் நழுவலிலிருந்து பின்தொடர்ந்தது. இரண்டே ஆண்டுகளுக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, ஐந்து ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பேருக்கு, தோள் மறுபடி நிலைகுலைந்தது. வயது குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. ஆனால் ஸ்வீடனில் ஹோவேலியஸ் 25 ஆண்டுகள் பொறுமையாகப் பின்தொடர்ந்த ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. 12 முதல் 25 வயதுக்குள் முதல்முறை நழுவி, அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதவர்களில் பாதிப் பேருக்கு அது திரும்ப வரவே இல்லை, அல்லது காலப்போக்கில் தானாக நிலைத்துவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். முதல்முறை நழுவிய எல்லா இளைஞர்களுக்கும் உடனே அறுவை சிகிச்சை செய்தால், அவர்களில் கணிசமானவர்களுக்குத் தேவையில்லாத ஒன்றைச் செய்ததாகும்.

கையை ஸ்லிங்கில் எத்தனை நாள் தொங்கவிடுவது என்பதில் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் கவலை அதிகம். மூன்று நான்கு வாரம் கட்டி வைப்பதால் மறுபடி நழுவுவது குறையவில்லை என்று அதே ஸ்வீடன் ஆய்வு காட்டியது. கையை வெளிப்பக்கம் திருப்பி வைத்துக் கட்டினால் லேப்ரம் ஒட்டிக்கொள்ளும் என்று ஜப்பானின் இத்தோய் நம்பிக்கை தந்தார். பின்னால் மற்ற நாடுகளில் நடந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. வலி தணியும் வரை ஸ்லிங் போதும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வயதில் தோள் நழுவினால் மறுபடி நழுவுவதைவிட ரொட்டேட்டர் கஃப் கிழிந்திருப்பதுதான் பெரிய ஆபத்து. குழியில் திரும்ப உட்கார வைத்த பிறகும் சில வாரங்களாகக் கையைத் தூக்க முடியவில்லை என்றால் ஸ்கேன் எடுக்காமல் விடக்கூடாது.

பாங்கார்ட் தையல்

விளிம்பிலிருந்து பிய்ந்த லேப்ரம்தான் நோயின் வேர் என்று பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பாங்கார்ட் 1923இலும் மறுபடி 1938இலும் எழுதினார். ஜெர்மனியின் பெர்த்தஸ் 1906இலேயே அதைக் கண்டு சொல்லியிருந்தார். பெயர் என்னவோ பாங்கார்ட்டுக்குத்தான் நிலைத்தது. இன்று இதைப் பெரும்பாலும் நுண்துளை வழியாகச் செய்கிறார்கள். எலும்பு விளிம்பில் ஆங்கர் எனப்படும் சின்னச் சின்ன முளைகளைப் பதித்து, அவற்றிலிருந்து வரும் நூலால் லேப்ரத்தையும் தளர்ந்த தசைநாரையும் இழுத்துக் கட்டுவார்கள். இதன் பெரிய குணம், உடலின் பழைய அமைப்பைத் திரும்பக் கொண்டுவருவது. எதையும் வெட்டி இடம் மாற்றுவதில்லை. பெரிய சிக்கல்கள் அபூர்வம்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: நிற்க எலும்பு இல்லாத இடத்தில் தையல் நிற்காது. 2000ஆம் ஆண்டில் பர்க்கார்ட், டி பியர் இருவரும் நுண்துளை வழியே பாங்கார்ட் செய்த 194 தோள்களின் கணக்கை வெளியிட்டார்கள். எலும்பில் பெரிய சேதம் இல்லாதவர்களில் மறுபடி நழுவியது 4 சதவீதம். சேதம் இருந்தவர்களில் 67 சதவீதம். மோதல் நிறைந்த விளையாட்டு வீரர்களிடம் இதே கணக்கு 6.5க்கு எதிராக 89 சதவீதம். அதே மருத்துவர்கள், அதே முறை. பாங்கார்ட் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தில் இந்த ஒரு ஆய்வைத் தாண்டி நான் அதிகம் தேட வேண்டியிருந்ததில்லை.

எவ்வளவு எலும்பு போனால் அதிகம்? இறந்தவர்களின் தோள்களை வைத்து இத்தோய் செய்த சோதனையில், குழியின் நீளத்தில் 21 சதவீதம் அகலத்துக்கு எலும்பு குறைந்தால் தையல் போட்ட பிறகும் நிலைத்தன்மை சரிகிறது என்று தெரிந்தது. 20 முதல் 25 சதவீதம் என்ற எல்லைக்கோடு அதையொட்டித்தான் வழக்கத்துக்கு வந்தது. 2015இல் அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்த ஷாஹா குழுவின் ஆய்வு அந்த நிம்மதியைக் கெடுத்தது. குழியின் எலும்பில் 13.5 சதவீதத்துக்கு மேல் போயிருந்தவர்களுக்கு, தோள் மறுபடி நழுவாவிட்டாலும்கூட, அன்றாட வாழ்க்கையில் திருப்தி இல்லை. கையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு பயம், ஒரு நம்பிக்கையின்மை. மறுபடி நழுவவில்லை என்பதை மட்டும் வெற்றியாக எண்ணினால் இவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

பாதிப்பு குழியில் மட்டும் இல்லை. உருண்டை முன்பக்கம் சரிந்து குழி விளிம்பில் மோதும்போது அதன் பின்பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. ஹில், சாக்ஸ் என்ற இரண்டு கதிரியக்க மருத்துவர்கள் 1940இல் விவரித்ததால் அவர்கள் பெயரில் வழங்குகிறது. பள்ளம் எவ்வளவு பெரியது என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம் என்பதைக் காட்டியது ஜப்பானியர்களின் ஆய்வு. கையை உயர்த்தும்போது உருண்டையின் மேல் குழி தொட்டுச் செல்லும் பட்டையை யமமோட்டோவும் இத்தோயும் 2007இல் அளந்தார்கள். அதன் அகலம் குழியின் அகலத்தில் ஏறக்குறைய 84 சதவீதம். பள்ளம் இந்தப் பட்டைக்குள் அடங்கினால் ஆபத்தில்லை. பட்டையைத் தாண்டி உள்ளே போனால் விளிம்பு பள்ளத்தில் மாட்டி, தோள் நெம்பிக்கொண்டு வெளியே வரும். குழியில் எலும்பு குறையக் குறையப் பட்டையும் குறுகும். ஆகவே இரண்டு சேதங்களையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பள்ளம் மாட்டும் தோளுக்கு ஒரு நடுவழி இருக்கிறது: பாங்கார்ட்டோடு ராம்ப்ளிசாஜ். பின்பக்கத்து இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசையின் நாணைப் பள்ளத்துக்குள் இழுத்துத் தைத்து, பள்ளத்தை நிரப்பிவிடுவார்கள். கனடாவில் மெக்டொனால்ட் குழு நடத்தி 2021இல் வெளிவந்த, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வில், பாங்கார்ட் மட்டும் செய்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு மறுபடி நழுவியது. ராம்ப்ளிசாஜும் சேர்த்துச் செய்தவர்களில் 4 சதவீதம். வெளிப்பக்கம் திருப்பும் வீச்சு கொஞ்சம் குறையக்கூடும் என்பதால் பந்தெறிபவர்கள் யோசிக்க வேண்டும். மற்றவர்களுக்கு, குழியில் பெரிய இழப்பு இல்லாத பட்சத்தில், இதைவிடச் சமநிலையான வழி எனக்குத் தெரியவில்லை.

திறந்து செய்யும் பாங்கார்ட்டை இன்று ஏறக்குறைய மறந்தேவிட்டோம். அது சரியல்ல. கால்கரியில் மொஹ்தாதி குழு 196 பேரைக் கொண்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், திறந்து செய்தவர்களுக்கு 11 சதவீதமும் நுண்துளையில் செய்தவர்களுக்கு 23 சதவீதமும் மறுபடி நிலைகுலைந்தது. வாழ்க்கைத் தர மதிப்பீட்டில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. தழும்பு சின்னதாக இருப்பதால் மட்டும் சிகிச்சை மேலானதாகிவிடாது.

லட்டார்ஜே

லியோன் நகரின் மிஷேல் லட்டார்ஜே 1954இல் விவரித்தது இது. தோள்பட்டை எலும்பின் முன்பக்கம் கொரகாய்டு என்ற கொக்கி போன்ற முனை இருக்கிறது. அதை ஒட்டிய தசைநாணோடு வெட்டி எடுத்து, குழியின் முன்–கீழ் விளிம்பில் ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள். இழந்த எலும்புக்கு ஈடாக எலும்பு கிடைக்கிறது. கூடவே அந்தத் தசைநாண், கையை உயர்த்தும்போது உருண்டையின் முன்னால் ஒரு வாராகக் குறுக்கே நின்று தடுக்கிறது.

எலும்பு வைப்பதால்தான் இது நிற்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். யமமோட்டோ குழுவின் சோதனையில், கை முழுக்கத் திரும்பிய நிலையில் நிலைத்தன்மையின் முக்கால் பங்கை அந்தத் தசைவார்தான் கொடுத்தது. டி ஜாக்கொமோவின் சிடி ஆய்வு இதற்கு ஒத்துப்போகிறது: வைத்த எலும்பில் சராசரியாக 59.5 சதவீதம் பின்னால் கரைந்துபோகிறது. அப்படியும் தோள் நிற்கிறது. கரைந்த இடத்தில் ஸ்க்ரூ துருத்திக்கொண்டு உறுத்தினால்தான் சிக்கல்.

மறுபடி நழுவாமல் தடுப்பதில் இதற்கு நிகர் குறைவு. கிரீஸ்ஸர் குழு 2013இல் 1904 தோள்களைத் தொகுத்துப் பார்த்தபோது முழுதாக நழுவியது 2.9 சதவீதம்தான். ஆனால் அதே தொகுப்பில் ஏதாவது ஒரு சிக்கல் வந்தவர்கள் 30 சதவீதம். மறுபடி அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் 7 சதவீதம். முதல் எண்ணை மட்டும் சொல்லி இரண்டாவதை மறைப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். தசைத்தோல் நரம்பும் அக்குள் நரம்பும் வெட்டும் இடத்துக்கு மிக அருகில் ஓடுகின்றன. எலும்பைச் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளி வைத்தால் உருண்டை அதில் உரசி, பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரும். உள்ளே தள்ளி வைத்தால் தோள் மறுபடி நழுவும். அடிக்கடி இதைச் செய்து கை பழகியவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டிய சிகிச்சை இது.

யாருக்கு எது

முடிவெடுக்க பால்க், ப்வாலோ இருவரும் 2007இல் தந்த பத்துப் புள்ளிக் கணக்கு இன்றும் நல்ல தொடக்கம். வயது 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் 2, போட்டி விளையாட்டு என்றால் 2, மோதலோ தலைக்கு மேல் கை வீசலோ உள்ள விளையாட்டு என்றால் 1, தோள் இயல்பிலேயே தளர்வு என்றால் 1, எக்ஸ்ரேயில் உருண்டையின் பள்ளம் தெரிந்தால் 2, குழி விளிம்பு தேய்ந்து தெரிந்தால் 2. ஆறைத் தாண்டினால் நுண்துளை பாங்கார்ட்டுக்குப் பின் 70 சதவீதம் பேருக்கு மறுபடி வந்தது. ஆறும் அதற்குக் கீழும் 10 சதவீதம். ஆனால் எக்ஸ்ரேயோடு நிறுத்தக்கூடாது. எலும்பு இழப்பை ஒழுங்காக அளக்க முப்பரிமாண சிடி வேண்டும். லேப்ரத்தைப் பார்க்க எடுத்த எம்ஆர்ஐ இருக்கிறதே என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. இருமுறைக்கு மேல் நழுவிய தோளில் அது போதாது.

குழியில் 20 சதவீதத்துக்கு மேல் போய், மோதல் விளையாட்டும் ஆடுபவர் என்றால் நான் லட்டார்ஜே பக்கம். எலும்பு பத்திரமாக இருந்தால் பாங்கார்ட், குறைந்தது நான்கு ஆங்கரோடு. மூன்று அல்லது அதற்குக் குறைவாகப் போட்ட தோள்கள் அதிகம் தோற்றதை ப்வாலோவின் 2006 ஆய்வு காட்டியது. சிக்கல், எலும்பு இழப்பு 13.5க்கும் 20 சதவீதத்துக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். அங்கே பள்ளம் மாட்டும் தோள் என்றால் பாங்கார்ட்டோடு ராம்ப்ளிசாஜை முதலில் பார்ப்பேன். வலிப்பு நோய் உள்ளவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் வலிப்பு மருந்தால் கட்டுக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தையலும் ஸ்க்ரூவும் தாங்காது.

நடுவில் இருப்பவர்களுக்கு நான் அப்படிச் சொல்லக் காரணம், அடுத்த கட்டம். பாங்கார்ட் தோற்றால் லட்டார்ஜே செய்ய வழி இருக்கிறது. லட்டார்ஜே தோற்றால் கொரகாய்டு கையில் இல்லை, நரம்புகள் பழைய இடத்தில் இல்லை, சுற்றிலும் தழும்பு. அதற்குப் பிறகு இடுப்பெலும்பிலிருந்தோ தானமாகப் பெற்ற கீழ்க்கால் எலும்பின் கணுக்கால் முனையிலிருந்தோ துண்டெடுத்து வைக்க வேண்டும். செய்ய முடியும், ஆனால் முதல் அறுவை சிகிச்சையைவிடப் பல மடங்கு கடினம். இருபது வயதுக்காரர் அந்தத் தோளோடு இன்னும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் வாழப்போகிறார். அவருக்கு இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும், அறுவை அரங்குக்குத் தேதி குறித்த பிறகு அல்ல.