திக்குவாய்க்கு ‘100% குணம்’ என்று வீடியோ காட்டுகிறார்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பிள்ளைக்குத் திக்குகிறது என்று கவலைப்படும் பெற்றோர்கள் ‘முழு குணம், உத்தரவாதம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்யும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மகனுக்கு 13 வயது. நாங்கள் போன மையத்தில் முதல் நாளே வீடியோ எடுத்தார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் போட்டுக் கொடுத்து, பெயரைச் சொல்லச் சொன்னார்கள். முதல் எழுத்திலேயே தாடை இறுகி, கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டான். அப்புறம் டிக் டிக் என்று தாளம் போடும் கருவியை வைத்து, பயிற்சியாளரும் கூடவே படிக்க, ஒரு பக்கத்தைத் தடங்கலே இல்லாமல் படித்து முடித்தான். அதையும் எடுத்தார்கள். “பார்த்தீங்களா, ஒரே நாள்ல!” என்று சொல்லி மொத்தப் பணத்தையும் கையோடு வாங்கிக்கொண்டார்கள்.

தாளத்துக்குப் பேசினாலோ, இன்னொருவரோடு சேர்ந்து படித்தாலோ, பாடினாலோ, திக்குபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நேரத்துக்குத் திக்கல் காணாமல் போகும். எந்தச் சிகிச்சையும் வேண்டாம். நிறுத்தியதும் திரும்ப வந்துவிடும். பேச்சுப் பயிற்சி படித்த எவருக்கும் இது தெரியும். தெரிந்தேதான் அந்த இரண்டு வீடியோவையும் எடுத்திருக்கிறார்கள்.

வகுப்பு நடக்கும்போது எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே அவன் திக்கும்போதெல்லாம் “முதல்ல இருந்து சொல்லு” என்று நிறுத்தியிருக்கிறார்கள். சில வாரங்களில் அவன் திக்கும் வார்த்தைகளையே தவிர்க்க ஆரம்பித்தான். பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது மேசைக்கடியில் தொடையைத் தட்டித் தட்டிப் பதில் சொல்லியிருக்கிறான். பக்கத்துப் பையன்கள் அதையும் செய்து காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அதன்பின் கையைத் தூக்குவதையே விட்டுவிட்டான். இதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது தகுதியுள்ள ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் போகிறோம். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு லிட்கோம் என்றொரு முறை உண்டு, ஆஸ்திரேலியாவில் உருவானது. அதில் பெற்றோர்தான் வீட்டில் தினமும் பயிற்சி கொடுக்கிறார்கள். குழந்தை தடங்கலின்றிப் பேசும்போது பாராட்டி, அன்றன்று திக்கல் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு வருவார்கள். பெற்றோரை வெளியே உட்கார வைத்தால் அது நடக்கவே நடக்காது. சின்ன வயதில் திக்கத் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த மையத்தின் ‘குணமானவர்கள்’ பட்டியலில் பாதிக்கு மேல் குட்டிக் குழந்தைகள்தான்.

வளர்ந்த பிள்ளைகளுக்குக் கதை வேறு. சத்தத்தை இழுத்து மெதுவாகப் பேசப் பழகி, அதைப் படிப்படியாக இயல்பான பேச்சுக்குக் கொண்டுவரும் முறைகள் உண்டு. பலன் தரும், ஆனால் திக்கல் மறுபடி தலைகாட்டுவதும் சகஜம், பயிற்சியை விட முடியாது. கூடவே பேசும் பயத்துக்கும் தனியாக வேலை செய்ய வேண்டும். புதிய தெரபிஸ்ட் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார். உத்தரவாதம் எதுவும் தரவில்லை. எந்தெந்த இடத்தில் பேசப் பிடிக்கவில்லை என்று அவனிடம்தான் கேட்டார், என்னிடம் அல்ல.

பழைய மையம் பணத்தைத் திருப்பித் தரவில்லை. என் மகனின் வீடியோ எங்களைக் கேட்காமலே அவர்கள் விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீக்கச் சொல்லி எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சேர்க்கைப் படிவத்தில் படம், வீடியோ பற்றி ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதை அடித்துவிடுங்கள்.