எடை மெஷினா, இஞ்ச் டேப்பா, சிஆர்பி டெஸ்ட்டா?

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடித்து உட்கார்ந்தால் பேச்சு இரண்டே விஷயம்தான்: எத்தனை கிலோ இறங்கியது, எந்த லேபில் என்ன பேக்கேஜ். இடுப்புச் சுற்றளவை யாரும் கேட்பதில்லை. வயிற்றுக் கொழுப்பு சத்தமில்லாமல் கிளப்பும் அழற்சியை (இன்ஃப்ளமேஷன்) மோப்பம் பிடிக்க, என் கணக்கில் அதுதான் முதல் கேள்வி.

எடை மெஷினில் ஏறுவது சுலபம். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ. நம்மவர்களுக்கு 23 தொட்டால் அதிக எடை, 25 தொட்டால் பருமன். ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, எங்கே என்பது மெஷினுக்குத் தெரியாது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம் யாஜ்னிக்குக்கு 21.2!

எங்கே என்பது ஏன் முக்கியம்? அதே 2004இல் அமெரிக்காவில் பருமனான சில பெண்களுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பை ஒன்பது பத்து கிலோ உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது, இன்சுலின் வேலை செய்யும் விதமும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதமான சிஆர்பியும் அசையவில்லை. வம்பு செய்வது பெரும்பாலும் குடலைச் சுற்றிய கொழுப்பு. அங்கே செல்கள் ஊதிப்போனதும் நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து கூடுகின்றன. அவை கக்கும் ரசாயனங்கள் உடம்பின் மற்ற செல்களை இன்சுலினை மதிக்கவிடாமல் செய்கின்றன. காய்ச்சலோ வலியோ இல்லாத அழற்சி இது.

அதைப் பிடிக்க டேப் போதுமா? ஓரளவு போதும், சரியான இடத்தில் சுற்றினால். பேண்ட் சைஸ் 34 இஞ்ச் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பெரும்பாலும் தொப்பைக்குக் கீழே பேண்ட் போடுபவர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 தாண்டினால் உஷார். சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் உருவாக்கிய சர்க்கரை அபாய மதிப்பெண்ணிலும் ரத்தப் பரிசோதனை இல்லை: வயது, இடுப்பு, உடலுழைப்பு, பெற்றோரின் சர்க்கரை, அவ்வளவுதான். மதிப்பெண் 60 தொட்டாலே அபாயம் அதிகம்.

அப்புறம் ஹெச்எஸ்-சிஆர்பி, அதாவது சிஆர்பியை நுட்பமாக அளக்கும் ரத்தப் பரிசோதனை. அழற்சியைப் பார்க்க மூன்றில் இதுதான் நேரடி வழி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே நல்லது, 3க்கு மேல் இதயத்துக்கு அபாயம் கூடுதல். ஆனால் கொழுப்பால் வந்ததா, சளியால் வந்ததா என்று அது சொல்லாது. எனக்கு ஒருமுறை 14 வந்து இரண்டு நாள் தூக்கம் போனது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பல் வலி ஏதாவது இருந்ததா?" இருந்தது, ஈறு வீங்கி. பல்லைப் பார்த்து மூன்று வாரம் கழித்து எடுத்தால் 2.6. பத்தைத் தாண்டினால் வேறு தொற்றைத் தேடி, இரண்டு வாரமாவது விட்டுத் திரும்ப எடுப்பதுதான் முறையாம்.

ஆகவே என் வரிசை: முதலில் டேப். அது கூடினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம். சிஆர்பி டாக்டர் கேட்டால் மட்டும். எடை மெஷின் மாதம் ஒருமுறை போதும்.

எனக்கு இப்போது 94 செ.மீ. பேண்ட் இன்னும் 34தான்.