வேலை மாறும் காரணம்: பழைய இடத்தின் குறையா, புதிய வேலையின் தேவையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சரக்கு அனுப்பும் கம்பெனி இன்டர்வியூவில் "ஏன் வேலையை விடுகிறீர்கள்?" என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம்.

ஒன்று, குறையிலிருந்து தொடங்குவது: "சம்பளம் ஏறவே இல்லை, மேனேஜர் சரியில்லை." அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்பவருக்கு, நாளைக்கு நம்மையும் இப்படித்தான் பேசுவார் என்று தோன்றும். அடுத்த கேள்வியும் அந்தச் சண்டையைப் பற்றியே வரும். உங்கள் திறமையைப் பேச நேரம் இருக்காது.

மற்றது, போகும் இடத்திலிருந்து தொடங்குவது: "இறக்குமதிப் பேப்பர்களை நான்கு வருஷமாகப் பார்க்கிறேன். எந்தச் சரக்கு எந்தச் சுங்கவரி வகையில் வரும் என்று வகைப்படுத்துவதை முழுப் பொறுப்பாகச் செய்ய ஆசை. இப்போதைய கம்பெனியில் அந்த வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் விளம்பரத்தில் அதுதான் முதல் பொறுப்பு." குறை அரை வரியில் முடிந்தது, இலக்கும் வந்துவிட்டது. எனக்கு இதுதான் எப்போதும் மேல். ஆனால் விளம்பரத்தைப் படிக்காமல் "வளர்ச்சி வேண்டும்" என்று மட்டும் சொன்னால் இதுவும் எடுபடாது.

ஆட்குறைப்பில் வேலை போயிருந்தால் சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, வேலையை விடும்போது பழைய கம்பெனி தரும் சர்வீஸ் சான்றிதழில் விலகிய காரணத்தை நீங்கள் கேட்டால்தான் எழுதுவார்கள். ஆட்குறைப்பு என்றால் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் வேலையில் இருந்தால், ஒரு வருஷம் தாண்டியவர் விலக 4 வாரம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். "நாளைக்கே சேருகிறேன்" என்றால் எந்தப் பதிலும் கெட்டுவிடும்.