பார்வையாளர் அட்டையா, பேச்சாளர் அட்டையா? தருமபுரியிலிருந்து ஒரு கணக்கு

தருமபுரியில் இரண்டு பேர் உட்கார்ந்து வீடியோ கேம் செய்கிறோம் என்று சொன்னால், உறவினர்கள் முதலில் கேட்பது, "ஏன், பெங்களூரில் வேலை கிடைக்கவில்லையா?" என்பதுதான். அதைச் சமாளித்துவிடலாம். கையிலிருக்கும் பணத்துக்கு இந்த ஆண்டு கேம் செய்பவர்கள் கூடும் எந்த மாநாட்டுக்குப் போவது என்ற கேள்விதான் கஷ்டம்.

பக்கத்தில் இருப்பது பெங்களூரு. கர்நாடக அரசின் ஆதரவில் அங்கே ஜிஏஎஃப்எக்ஸ் என்ற அனிமேஷன், கேம் மாநாடு நடக்கிறது. விடியற்காலையில் பஸ் ஏறினால் பத்து மணிக்குள் அரங்கில் இருக்கலாம்; இரவுச் சாப்பாடு வீட்டில். ஆனால் அங்கே அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகின்றன. கேமுக்கு இரண்டாம் பந்திதான்.

கேமுக்கென்றே நடப்பது ஐஜிடிசி, அதாவது இந்திய கேம் உருவாக்குநர் மாநாடு. நாஸ்காம் என்ற மென்பொருள் நிறுவனங்களின் சங்கத்தின் பெயரில் இருந்து, பிறகு பெயர் மாறியது. 2024 நவம்பரில் ஹைதராபாத்தில் நடந்தது. எங்கள் ஊர் வழியாகப் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலையே ஹைதராபாத்துக்கும் போகிறது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். பஸ், அறை வாடகை, நுழைவுச்சீட்டு என்று செலவு ஆயிரங்களில் நிற்கும். கேமுக்குப் பணம் போட்டு வெளியிடும் பப்ளிஷர்களை நேரில் பிடிக்க உள்நாட்டில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது, அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் ஜிடிசி, கேம் உருவாக்குநர்களின் உலக மாநாடு. 1988இல் கிறிஸ் கிராஃபோர்ட் தன் வீட்டுக் கூடத்தில் இருபத்துச் சொச்சம் பேரை உட்காரவைத்துத் தொடங்கியது, பின்னாளில் பல்லாயிரம் பேர் கூடும் திருவிழாவாகிவிட்டது. அமெரிக்க விசாவுக்குக் கட்டணம் கட்டிவிட்டு, சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்க வேண்டும். விமானம், அறை, நுழைவுச்சீட்டு எல்லாம் அதற்குப் பிறகு. அங்கே நிகழ்த்தப்படும் உரைகளில் ஏராளமானவை யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. கேட்பதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போவது, குற்றாலத்தில் குளித்துவர ஒகேனக்கல்காரன் கடன் வாங்குவதைப் போல.

ஆனால் ஊர்களை ஒப்பிடுவதைவிட முக்கியமானது, கழுத்தில் தொங்கும் அட்டை எது என்பது. பார்வையாளராகப் போனபோது நான்தான் ஆட்களைத் துரத்தினேன். தேநீர் இடைவேளையில் செல்பேசியை நீட்டி, "ஒரு நிமிடம் விளையாடிப் பாருங்கள்" என்பேன். அவர் கண் என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடும்.

பிறகு ஒரு சிறிய கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். எங்கள் கேமில் வரும் பரிசலைப் பற்றித்தான் பேச்சு. வட்டமான ஓடத்தில் ஒரு பக்கம் துடுப்பு போட்டால் அது முன்னே போகாது, தன்னைத்தானே சுற்றும். ஒகேனக்கல் பரிசல்காரர் துடுப்பை முன்னால் விட்டு, அலைத்து, தன் பக்கம் இழுக்கிறார். அந்த இழுப்பைத் தொடுதிரையில் ஒற்றை விரலுக்குக் கொண்டுவர எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. அன்றைக்கென்று மடிக்கணினியைத் திரையோடு இணைக்கும் அடாப்டர் உயிரை விட்டது. ஒரு சாப்பாட்டுத் தட்டையும் ஸ்பூனையும் வைத்துப் பரிசலைக் காட்டினேன். இறங்கியதும் ஏழெட்டுப் பேர் என்னைத் தேடி வந்தார்கள். துரத்தல் திசை மாறிவிட்டது.

ஆகவே என் வரிசை இது: கேட்கவும் முகம் பழகவும் பெங்களூரு, பேச இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐஜிடிசி, கிடைக்காவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஜிடிசியில் பேச்சாளருக்கு நுழைவு இலவசம்தான், ஆனால் விமானச் செலவை வேறு யாராவது ஏற்றால் மட்டுமே நான் விசா வரிசையில் நிற்பேன். பேச நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மார்ச் மாதம் நடக்கும் ஜிடிசிக்கு முந்தைய ஆண்டின் நடுவிலேயே விண்ணப்பம் கேட்டுவிடுவார்கள். பொங்கல் முடிந்து யோசித்தால் கதவு சாத்தியிருக்கும்.

பரிசல் உரைக்கான விண்ணப்பம் பாதி எழுதிக் கிடக்கிறது. தலைப்பில் பரிசலின் ஆங்கிலப் பெயரான கோரக்கிள் என்று போடுவதா, பரிசல் என்றே விடுவதா என்பதில் எனக்கும் நண்பனுக்கும் ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை.